பாதாள சாக்கடை ஏன் பொங்குகிறது?

ஐப்பசி மழை விடாமல் நாலு மணி நேரம் அடித்த நாள். சென்னையில் எங்கள் சந்தில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். எதிர்வீட்டுப் பையன்கள் இருவர் கடப்பாரையோடு வந்து, நடுத்தெருவில் இருந்த மேன்ஹோல் மூடியை நெம்பித் தூக்கினார்கள். தண்ணீர் சுழித்துக்கொண்டு உள்ளே இறங்கியது. வாசலில் நின்ற எல்லோருக்கும் நிம்மதி. நானும்தான் ‘அப்பாடா’ என்றேன்.

அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. சந்தின் கடைசியில், பள்ளத்தில் இருக்கும் வீட்டிலிருந்து கூச்சல் கேட்டது. ஓடிப் போனோம். அங்கே தரைத்தளத்தில் இருக்கும் பெரியம்மா குளியலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கழிப்பறைக் கோப்பைக்குள் ‘பளக் பளக்’ என்று குமிழி கிளம்ப, கறுப்புத் தண்ணீர் ஏறி வந்து தரையில் பரவி, சமையலறை வாசல்படியைத் தொட்டுவிட்டது. அரிசி மூட்டையைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்தோம். அதற்குமேல் எங்களால் எதுவும் செய்ய முடியவில்லை.

தெருவில் இறங்கிய தண்ணீர்தான் அவர் வீட்டுக்குள் ஏறியது. அன்றைக்கு அது எங்களில் யாருக்கும் புரியவில்லை. “டிரெயினேஜ் அடைச்சிருக்கு” என்றார் ஒருவர். “ஜனங்க அதிகமாயிட்டாங்க, குழாய் பத்தல” என்றார் இன்னொருவர். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் பெரிய காரணம் ஒன்று எங்கள் தலைக்கு மேலேயே இருந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

## ஒரே பெயர், இரண்டு அமைப்பு

குழப்பம் பெயரிலேயே தொடங்குகிறது. ‘சாக்கடை’, ‘டிரெயினேஜ்’ என்று ஒரே சொல்லை நாம் இரண்டு வேறு அமைப்புகளுக்கும் சொல்கிறோம்.

சாலை ஓரத்தில் கான்கிரீட் பெட்டி போல ஓடுவது மழைநீர் வடிகால். தெருவில் விழும் மழையை எடுத்துக்கொண்டு போய்க் கூவத்திலோ அடையாற்றிலோ பக்கிங்காம் கால்வாயிலோ விடுவது அதன் வேலை. சுத்திகரிப்பு எதுவும் கிடையாது. சென்னையில் இது மாநகராட்சியின் பொறுப்பு.

சாலைக்கு அடியில், பெரும்பாலும் நடுவில், வட்ட மூடிகளுக்குக் கீழே ஓடுவது பாதாள சாக்கடை. கழிப்பறை, குளியலறை, சமையலறைத் தொட்டி ஆகியவற்றின் தண்ணீர் மட்டும்தான் இதற்குள் போக வேண்டும். அது கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி போன்ற இடங்களில் உள்ள சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் போகிறது. இது 1978-இல் அமைந்த குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. நம் வாயில் அதன் பெயர் மெட்ரோ வாட்டர்.

எல்லா ஊரிலும் இப்படிப் பிரித்து வைக்கவில்லை. லண்டனிலும் கொல்கத்தாவின் பழைய பகுதியிலும் மழையும் கழிவும் ஒரே குழாயில்தான் போகின்றன. 1858 கோடையில் தேம்ஸ் நதி நாறியதில் லண்டன் நாடாளுமன்றமே தவித்துப்போனது. அதற்குப் பிறகு ஜோசப் பசால்கெட் என்ற பொறியாளர் கட்டிய செங்கல் சுரங்கங்கள் இன்றும் ஓடுகின்றன. ஆனால் மழை பெய்தால் அவை நிரம்பி, கழிவு நதியில் வழிந்துவிடும். அந்த வழிசலைப் பிடிப்பதற்காகவே அண்மையில் 25 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு புதிய சுரங்கம் தோண்டியிருக்கிறார்கள்.

சென்னையில் இரண்டும் தனித்தனி. அதாவது, நம் பாதாள சாக்கடை மழைக்காகக் கட்டியதே அல்ல. மீதி எல்லாமே இதிலிருந்துதான் கிளைக்கிறது.

## மூடி போட்ட வாய்க்கால்

குடிநீர்க் குழாயில் தண்ணீர் அழுத்தத்தோடு வருகிறது. பம்பு தள்ளுகிறது, மேட்டுக்கும் ஏறுகிறது. பாதாள சாக்கடைக் குழாய் அப்படி இல்லை. அது மண்ணுக்குள் புதைத்த, மூடி போட்ட ஒரு வாய்க்கால். வாய்க்காலில் தண்ணீர் எதனால் ஓடுகிறதோ அதனால்தான் இதிலும் ஓடுகிறது: சரிவு.

தெருவில் போடும் எட்டு அங்குலக் குழாய்க்கு 250 அடிக்கு ஓர் அடி என்ற கணக்கில் சரிவு கொடுத்தால், தண்ணீர் வினாடிக்கு 2 அடிக்குக் கொஞ்சம் மேலான வேகத்தில் போகும். மண்ணும் மலமும் அடியில் தங்காமல் இழுபட்டுப் போக அந்த வேகம் வேண்டும். அதற்குக் குறைந்தால் கனமானவை தங்கிவிடும், தண்ணீர் மட்டும் மேலாக நழுவிப் போகும்.

குழாயை விளிம்பு வரை நிரப்பும்படி யாரும் திட்டமிடுவதில்லை. கூட்டம் அதிகமான நேரத்திலும் ஐந்தில் நாலு பங்கு ஆழம்தான் தண்ணீர். மேலே மிச்சம் இருப்பது காற்றும் வாயுவும் போகிற இடம்.

கிலோமீட்டருக்கு 4 மீட்டர் என்று இறங்கிக்கொண்டே போனால் குழாய் எங்கே போய் நிற்கும்? பின்னால் வரும் பெரிய குழாய்களுக்குச் சரிவு குறைவாகவே போதும். என்றாலும் சென்னை போன்ற தட்டை ஊரில் சீக்கிரமே தோண்ட முடியாத ஆழம் வந்துவிடும். அதனால் அங்கங்கே ஒரு நீரேற்று நிலையம் வைக்கிறார்கள். பம்பிங் ஸ்டேஷன் என்று சொல்வது இதைத்தான். ஆழத்தில் இருக்கும் கிணற்றில் கழிவு வந்து விழும். பம்பு அதை மேலே தூக்கி அடுத்த கட்டத்துக்கு அனுப்பும். அந்தப் பம்பு நின்றால் அடுத்த சில நிமிடங்களில் கிணறு நிரம்பும். அப்புறம் அதற்குப் பின்னால் உள்ள குழாய்கள் வரிசையாக நிரம்பத் தொடங்கும். புயல் நாளில் மின்சாரம் போவதும் மழை கொட்டுவதும் ஒன்றாக நடப்பது நமக்குத் தெரிந்ததுதான்.

சரி, இதுவரை சொன்னது இவ்வளவு: சரிவில் ஓடும் மூடிய வாய்க்கால், நடுவில் தூக்கிவிடும் பம்பு, மேலே காற்றுக்கு இடம். இனி இதற்குள் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று பார்க்கலாம்.

## பந்தி எழுந்திருக்கும் நேரம்

கல்யாண மண்டபத்தில் கை கழுவும் இடத்தைப் பாருங்கள். நாள் முழுக்க காலியாக இருக்கும். பந்தி முடிந்து இருநூறு பேர் ஒன்றாக எழுந்தால் பத்து நிமிடம் நிற்க இடம் கிடைக்காது. மண்டபம் கட்டுகிறவர் குழாய்களின் எண்ணிக்கையை அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பாதாள சாக்கடைக்கு அந்த நேரம் காலை ஆறிலிருந்து ஒன்பது மணி. இதை உச்ச நேர ஓட்டம் என்பார்கள். ஊரின் அளவைப் பொறுத்து, நாளின் சராசரியைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு என்று பொறியாளர்கள் கணக்கு வைக்கிறார்கள்.

நம் நாட்டில் பாதாள சாக்கடை உள்ள நகரத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் என்றும், அதில் 80 சதவீதம் கழிவாகத் திரும்பும் என்றும் திட்டமிடுவது வழக்கம். அதாவது தலைக்கு 108 லிட்டர். நாலு பேர் உள்ள வீட்டுக்கு 432 லிட்டர். அதை 24 மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 18 லிட்டர், உச்ச நேரத்தில் மூன்று மடங்கு என்று வைத்தால் 54 லிட்டர். அந்த 54-ஐ மறந்துவிடாதீர்கள்.

ஆட்கள் பெருகியதும் உண்மைதான். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக்கு முதல் பாதாள சாக்கடையைத் திட்டமிட்டபோது, 1961-இல் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள் என்று கணக்குப் போட்டார்கள். 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இருந்ததோ 17 லட்சத்துக்கும் மேல். அதன் பிறகு குழாய்களைப் பெரிதாக்கினார்கள், நிலையங்களைக் கூட்டினார்கள். 2011-இல் மாநகராட்சியின் எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனபோது சேர்ந்த பல பகுதிகளில் பாதாள சாக்கடையே கிடையாது. தனி வீடு இருந்த இடத்தில் எட்டு குடித்தனம் வந்தாலும் தெருவுக்கு அடியில் அதே எட்டு அங்குலக் குழாய்தான். ஆனால் ஜனப்பெருக்கம் குழாயை மெதுவாக, வருடக்கணக்கில்தான் நிரப்பும். ஒரே இரவில் பொங்க வைப்பது வேறொன்று.

## மொட்டைமாடிக் கணக்கு

ஆயிரம் சதுர அடி மொட்டைமாடி ஒன்றை எடுத்துக்கொள்வோம். மீட்டரில் சொன்னால் ஏறக்குறைய 93 சதுர மீட்டர். ஒரு மணி நேரத்தில் 5 சென்டிமீட்டர் மழை பெய்கிறது என்று வைப்போம். வடகிழக்குப் பருவமழையில் சென்னைக்கு இது புதிதல்ல. மாடியில் விழும் தண்ணீர் 4,650 லிட்டர்.

அந்த வீட்டில் உள்ளவர்களின் பத்து நாள் கழிவுநீரைவிட அதிகம் அது. ஒரே மணி நேரத்தில்.

இப்போது அந்த 54-ஐ எடுங்கள். 80 வீடு உள்ள தெருவின் மொத்தக் கழிவும் உச்ச நேரத்தில் மணிக்கு 4,320 லிட்டர். ஒரே ஒரு வீட்டு மொட்டைமாடிக் குழாயைப் பாதாள சாக்கடையில் சேர்த்துவிட்டால், மழை நேரத்தில் தெருவின் ஓட்டம் இரட்டிப்பாகிவிடும்.

இன்னும் ஒரு படி போவோம். மேலே சொன்ன சரிவில் போட்ட எட்டு அங்குலக் குழாய், புதிதாக, சுத்தமாக இருந்தால், மணிக்கு ஏறத்தாழ 75 ஆயிரம் லிட்டரைக் கொண்டுபோகும். 80 வீட்டுக்கு அது தாராளம். ஆனால் பதினாறு மொட்டைமாடிகள் சேர்ந்தால் அதுவும் நிரம்பிவிடும், ஒரு சொட்டுக் கழிவுநீர் இல்லாமலே. இதுபோல நூறு தெருக்களின் தண்ணீர் கீழே பெரிய குழாயில் சேர்கிறது. அந்தக் குழாயில் இவ்வளவு தாராளம் இருக்காது.

யாரும் வேண்டுமென்று இதைச் செய்வதில்லை. வீடு கட்டும்போது மாடித் தண்ணீர்க் குழாய் எங்கே போகிறது என்று நாம் பார்ப்பதில்லை. பக்கத்தில் சேம்பர் இருக்கிறது, அதில் சேர்த்துவிட்டால் பைப் மிச்சம். சேம்பர் என்பது வீட்டுக் கழிவு தெருக்குழாய்க்குப் போகும் முன் வந்து சேரும் சின்னத் தொட்டி. முற்றத்துத் தண்ணீரும் அப்படித்தான் அதில் போய் விழுகிறது. அப்புறம், தெருவில் தண்ணீர் நின்றால் மேன்ஹோலைத் திறக்கிறோம். எங்கள் சந்தில் அன்று நாங்கள் செய்தது ஒரு மொட்டைமாடியை அல்ல, சந்தையே கொண்டுபோய்ப் பாதாள சாக்கடையில் இணைத்ததற்குச் சமம். திறந்த மேன்ஹோல் கலங்கல் தண்ணீருக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாது. அதில் விழுந்தவர்கள் மீளாமல் போயிருக்கிறார்கள்.

மழை நின்ற பிறகும் தண்ணீர் உள்ளே போய்க்கொண்டிருக்கும். பழைய குழாய்கள் சுட்ட மண்ணால் ஆனவை. அவற்றின் இணைப்புகள் விரிசல் விட்டிருக்கும். கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே ஏறும்போது குழாய் அந்த நீருக்குள் மூழ்கிக் கிடக்கும். விரிசல் வழியாக நீர் கசிந்து உள்ளே வரும். இதற்கு ஊடுருவல் என்று பெயர். கடற்கரை ஓரத்து மணல் பூமியில் நீரோடு மணலும் சேர்ந்து குழாய்க்குள் போய்விடும். வெளியே குழாயைச் சுற்றி மண் கரைந்து குகை போல ஆகும். ஒரு நாள் பேருந்து போகும்போது சாலை உள்வாங்கும்.

ஆகவே, பொங்க வைக்கும் தண்ணீரில் பெரும்பங்கு கழிவே அல்ல, வழிதவறி வந்த மழை.

## குழாய் உள்ளுக்குள் சுருங்குகிறது

இது மழை இல்லாத நாளிலும் பொங்குவதற்கான காரணம்.

பொரித்த எண்ணெய் சூடாக இருக்கும்போது தண்ணீர் போலத்தான் தொட்டியில் இறங்கும். குழாயில் ஆறியதும் சுவரில் ஒட்டும். கழிவுநீரில் உள்ள சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து சோப்பு போலக் கெட்டிப்படும். அதன்மேல் தலைமுடி, நாப்கின், ஈரத்துடைப்பான், துணிக்கிழிசல் எல்லாம் சிக்கும். 2017-இல் லண்டன் ஒயிட்சேப்பல் பகுதியில் அப்படி உறைந்த ஒரு கொழுப்புக்கட்டியைக் கண்டுபிடித்தார்கள்: 250 மீட்டர் நீளம், 130 டன் எடை. நம் ஊரில் உணவகங்கள் வரிசையாக உள்ள தெருக்களில் அடிக்கடி அடைப்பு எடுக்க வேண்டியிருப்பதற்கும் இதே எண்ணெய்தான் முக்கியக் காரணம்.

எட்டு அங்குலக் குழாயின் சுவரில் சுற்றிலும் ஓர் அங்குலம் படிந்தால் உள்விட்டம் ஆறு அங்குலம் ஆகும். கால்பங்குதானே குறைந்தது என்று தோன்றும். ஆனால் குழாய் கொண்டுபோகும் அளவு பாதிக்கும் கீழே விழுந்துவிடும். பரப்பும் குறைகிறது, சுவரின் உரசலால் வேகமும் குறைகிறது. மேலே போட்ட கணக்கில், பதினாறு மொட்டைமாடி தாங்கிய குழாய் இனி ஏழைத்தான் தாங்கும்.

## பொங்கும் இடம் வேறு, பழுது வேறு

கொத்தனார் இரண்டு சுவருக்கு மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய டியூபைப் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு முனையைத் தூக்கினாலும் இறக்கினாலும் இரண்டு பக்கத்திலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். நிரம்பிவிட்ட பாதாள சாக்கடை அந்த டியூப் போலத்தான். காற்று இருக்கும்வரை அது வாய்க்கால். காற்று போய் நிரம்பியதும், ஒன்றோடொன்று இணைந்த பாத்திரமாகிவிடுகிறது. தண்ணீர் எந்தத் திறப்பு தாழ்ந்திருக்கிறதோ அதன் வழியாக வெளியே வரும்.

தெருவில் உள்ள மேன்ஹோல் மூடி மேட்டில் இருக்கும். ஒவ்வொரு முறையும் பழைய தாரின் மேலேயே புதுத் தார் போட்டுச் சாலையை உயர்த்திவிட்டோம். பெரியம்மாவின் குளியலறைத் தரை அந்த மூடியைவிட ஓர் அடிக்கு மேல் தாழ்ந்திருக்கிறது. சந்தில் எந்த வீட்டு மாடித் தண்ணீர் போனாலும், அடைப்பு அரை கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும், பம்பு அடுத்த வட்டத்தில் நின்றாலும், முதலில் பொங்குவது அவர் வீட்டில்தான். அவர் எதையும் தவறாகச் செய்யவில்லை. தாழ்வான வீடுகளுக்குத் திரும்பு ஓட்டத்தைத் தடுக்கும் வால்வு உண்டு. பிளம்பர்கள் அதை என்ஆர்வி என்பார்கள். அது வெளித்தண்ணீரை நிறுத்தும். ஆனால் அது மூடியிருக்கும்வரை அந்த வீட்டுத் தண்ணீரும் வெளியே போகாது.

‘எங்கே பொங்குகிறதோ அங்கே குத்து’ என்று மூங்கில் கழியை விடுவது பல நேரங்களில் வீண்வேலையாகப் போவது இதனால்தான். அடைப்பைத் தேடுகிறவர்கள் ஒவ்வொரு மேன்ஹோலாகத் திறந்து பார்த்துக்கொண்டு போவார்கள். ஒன்று நிரம்பியிருக்கும், அதற்குக் கீழே உள்ள அடுத்தது காலியாக இருக்கும். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் அடைப்பு. எல்லாமே நிரம்பியிருந்தால் பம்பிங் ஸ்டேஷன்வரை போய்ப் பார்க்க வேண்டும்.

## உள்ளே என்ன இருக்கிறது

ஓடாமல் நிற்கும் கழிவில் பிராணவாயு தீர்ந்துவிடும். அது இல்லாமல் வாழும் நுண்ணுயிரிகள் பெருகி, ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற வாயுவை வெளிவிடும். அழுகிய முட்டை நாற்றம் அதுதான். குறைந்த அளவில் நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று நினைப்பவர் இரண்டு மூச்சில் விழுந்துவிடுவார். அவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார். இப்படி ஒரே குழியில் இரண்டு பேர், மூன்று பேர் என்று இறந்த செய்தியை எத்தனை முறை படித்திருக்கிறோம்.

பாதுகாப்புக் கருவி இல்லாமல் மனிதரை உள்ளே இறக்குவதை 2013 சட்டம் தடை செய்கிறது. சாக்கடையில் இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கு முன் அது 10 லட்சமாக இருந்தது. ‘மேன்ஹோல்’ என்ற சொல்லில் உள்ள மனிதனை எடுத்துவிட்டு, இயந்திரம் நுழையும் வழி என்று அரசு ஆவணங்களில் எழுதப்போவதாக மத்திய அரசு 2020-இல் அறிவித்தது. அழுத்தத்தோடு தண்ணீர் பாய்ச்சி அடைப்பை உடைக்கும் வண்டிகளும் உறிஞ்சும் வண்டிகளும் இப்போது இருக்கின்றன. உங்கள் தெருவில் ஒருவர் இடுப்பில் கயிறு கட்டி இறங்கத் தயாரானால், தயவுசெய்து தடுங்கள். சென்னையில் மெட்ரோ வாட்டரின் 1916 எண்ணில் வண்டி கேட்கலாம்.

## ஒரு வாளி கலர்த் தண்ணீர்

உங்கள் மாடித் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்க இயந்திரம் எதுவும் வேண்டாம். மழை இல்லாத நாளில் ஒரு வாளித் தண்ணீரில் சிவப்புக் கோலப்பொடியைக் கரையுங்கள். கீழே ஒருவர் சேம்பர் மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு தள்ளி நிற்கட்டும். மாடியில் உள்ள ஒவ்வொரு குழாய் வாயிலும் ஒரு வாளி ஊற்றுங்கள். சேம்பரில் சிவப்பு தெரிந்தால் அந்தக் குழாய் தவறான இடத்தில் சேர்ந்திருக்கிறது. அது போக வேண்டிய இடம் மழைநீர் சேகரிப்புத் தொட்டி. தமிழ்நாட்டில் 2003-லேயே எல்லாக் கட்டடங்களுக்கும் அதைக் கட்டாயமாக்கிவிட்டார்கள்.

எங்கள் வீட்டில் முன்பக்கக் குழாய் சரியாக இருந்தது. பின்பக்கக் குழாயில் ஊற்றியதும் என் மகள் கீழேயிருந்து “அப்பா, வருது” என்றாள். போய்ப் பார்த்தேன். சோப்பு நுரைக்கு நடுவில் சிவப்புத் தண்ணீர் சுழன்று இறங்கிக்கொண்டிருந்தது. இத்தனை வருடமும் எங்கள் பின்மாடி மழை பெரியம்மா வீட்டுப் பக்கம்தான் போயிருக்கிறது. பிளம்பர் ஓர் எல்போவும் ஏழு அடி பிவிசி பைப்பும் போட்டு அதைத் தொட்டிக்குத் திருப்ப அரை நாள்கூட ஆகவில்லை.

சந்தில் மொத்தம் முப்பத்தொரு வீடு. கோலப்பொடியோடு இதுவரை ஒன்பது மாடி ஏறிவிட்டோம். நாலு வீட்டில் சேம்பர் சிவந்தது, மூன்று பேர் குழாயை மாற்றிவிட்டார்கள். மிச்சம் உள்ள வீடுகளைப் புரட்டாசி முடிவதற்குள் பார்த்துவிட வேண்டும்.